பொத்தானின் நிழல் அடியில் வெட்டுப்படுவது ஏன்?

கேள்வி: எங்கள் மின்னிதழின் முகப்பில் கட்டுரை அட்டைகளைப் பக்கவாட்டில் நகரும் ஒரே வரிசையாக அமைத்து, ஒவ்வொன்றின் அடியிலும் ‘முழுதும் படிக்க’ என்ற பொத்தானை வைத்திருக்கிறோம். அதன் நிழல் கீழ்ப்புறம் கோடு கிழித்ததுபோல் நின்றுவிடுகிறது. வரிசைக்கு ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஆட்டோ (பக்கவாட்டில் மிஞ்சுவதை உருட்டிப் பார்க்க), ஓவர்ஃப்ளோ-ஒய் விசிபிள் (மேலும் கீழும் மிஞ்சுவது வெட்டுப்படாமல் தெரிய) என்று எழுதியும் பயனில்லை. என்ன செய்வது?

பதில்: பிழை நிழலில் இல்லை, வரிசையில் இருக்கிறது. ஓர் அச்சில் ஆட்டோ என்று கொடுத்துவிட்டால், மறு அச்சில் நீங்கள் எழுதிய விசிபிளையும் உலாவி ஆட்டோவாகவே கணக்கில் கொள்ளும் என்பது வலைப்பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸின் விதி. ஆகவே வரிசைப் பெட்டி மேலும் கீழும்கூட வெட்டுகிறது. நிழலை வரையும் பாக்ஸ்-ஷேடோ இடத்தை அடைப்பதில்லை என்பதால் உருள்பட்டையும் தோன்றாது. காரணம் கண்ணில் படாமல் பலர் நிழலின் எண்களையே மாற்றி மாற்றிப் பார்த்து நாளைக் கழிப்பது இதனால்தான்.

நிழலுக்கு வேண்டிய இடத்தை வரிசைப் பெட்டிக்குள்ளேயே பேடிங்காக, அதாவது உள் இடைவெளியாகக் கொடுங்கள். அளவைக் கணக்கிட்டே சொல்லலாம்: கீழ்நோக்கிய நகர்வு 6 பிக்சல், மங்கல் 16 பிக்சல் என்றால், நிழல் பொத்தானுக்குக் கீழே 22, பக்கங்களில் 16, மேலே 10 பிக்சல் வரை பரவும். பொத்தான் அட்டையின் அடிவிளிம்பை ஒட்டியிருந்தால் கீழ் பேடிங் 24 பிக்சல் போதும். வரிசைக்கும் அடுத்த பகுதிக்கும் இடையே ஏற்கெனவே மார்ஜின் (வெளி இடைவெளி) இருக்குமானால், அதிலிருந்தே இந்த 24ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கூடிய இடத்தை எதிர்மறை மார்ஜினால் ஈடுகட்டுவதைவிட இதுவே தெளிவான வழி என்பது என் கருத்து.

பிறகும் வெட்டுப்பட்டால் அட்டையைப் பாருங்கள். படத்தின் மூலைகளை வளைப்பதற்காக அட்டை முழுவதற்கும் மிஞ்சுவதை வெட்டிவிடும் ஓவர்ஃப்ளோ ஹிட்டன் கொடுத்திருந்தால், அதைப் படத்தைச் சுற்றியுள்ள பெட்டிக்கு மட்டும் மாற்றுங்கள்.

விசைப்பலகையால் பொத்தானை அடையும்போது தெரியும் வளையத்தையும் பாக்ஸ்-ஷேடோவால் வரைந்திருந்தால், தயவுசெய்து அதை இன்றே மாற்றுங்கள். விண்டோஸின் உயர் மாறுபாட்டு முறையில் உலாவி பாக்ஸ்-ஷேடோவை அடியோடு நீக்கிவிடுவதால், பார்வைக் குறைபாடுள்ள வாசகருக்குத் தாம் எந்தப் பொத்தானில் நிற்கிறோம் என்பதே தெரியாமல் போகும். வளையத்துக்கு 2 பிக்சல் அவுட்லைன் (வெளிக்கோடு) கொடுங்கள். அது அந்த முறையிலும் நிலைக்கும்.