ரொனால்ட் ராஸின் மலேரியா ஆய்வுக்கு ராணுவ மருத்துவப் பணி உதவியதா, தடையாக இருந்ததா?

உதவியது, ஆனால் மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் காலை வாரியும் விட்டது என்பதே என் கருத்து.

1857இல் அல்மோராவில் ராணுவ அதிகாரி ஒருவரின் மகனாகப் பிறந்த ராஸுக்கு எழுத்திலும் ஓவியத்திலும்தான் நாட்டம். தந்தையின் வற்புறுத்தலால் மருத்துவம் படித்து, 1881இல் பிரிட்டிஷ் இந்தியப் படையின் மருத்துவத் துறையான இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். படைப்பிரிவு மருத்துவருக்கு ஓய்வு நிறையவே இருந்தது. கவிதையிலும் கணிதத்திலும் பல ஆண்டுகள் கழிந்தன. 1894இல் லண்டனில் வெப்பமண்டல நோய் மருத்துவரான பேட்ரிக் மேன்சன் மலேரியாக் கிருமியை நுண்ணோக்கியில் காட்டி, அதன் பரவலில் கொசுவுக்குப் பங்கு உண்டு என்ற தம் சந்தேகத்தையும் சொன்ன பிறகுதான் அந்த ஓய்வுக்கு ஒரு வேலை கிடைத்தது. (அக்கிருமியை 1880இல் அல்ஜீரியாவில் முதலில் கண்ட லாவரானும் ராணுவ மருத்துவரே.)

செகந்திராபாத்தில் நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ராஸ் நெடுநாள் அறுத்துப் பார்த்தவை மலேரியாவைப் பரப்பாத கொசு வகைகள். 1897 ஆகஸ்டில் மலேரியாவைப் பரப்பும் வகையான புள்ளிச் சிறகுக் கொசுக்கள் சில கிடைத்ததும், அவற்றை உசேன் கான் என்ற நோயாளியைக் கடிக்கவிட்டு, கொசுவுக்கு ஓர் அணா வீதம் அவருக்குக் கொடுத்தார். அறுத்த கொசு காற்றில் பறந்துவிடும் என்பதால் அந்தப் புழுக்கத்திலும் பங்கா (கூரையில் தொங்கும் துணி விசிறி) இழுக்கவிடவில்லை. நெற்றியிலும் கையிலும் வழிந்த வியர்வையில் நுண்ணோக்கியின் திருகாணிகள் துருப்பிடித்திருந்தன. ஆகஸ்ட் 20 அன்று ஒரு கொசுவின் இரைப்பைச் சுவரில் வட்டமான உயிரணுக்களைக் கண்டார். அவற்றுக்குள் இருந்த கரிய துகள்கள், மலேரியாக் கிருமியில் காணப்படும் அதே நிறமித் துகள்கள்; கிருமி கொசுவுக்குள் வளர்கிறது என்பதற்கு அதுவே சான்று.

அடுத்த மாதமே ராஜபுதனத்தில் மலேரியா அரிதான கெர்வாராவுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. மாற்றல் எந்தத் துறையிலும் உள்ளதுதான். ஆனால் இவ்வளவு பொருத்தமற்ற ஒன்றை நான் வேறெங்கும் படித்ததில்லை. மேன்சனின் முயற்சியால் 1898 பிப்ரவரியில் சிறப்புப் பணியாகக் கல்கத்தா சென்றால், அங்கே பிளேக் தடுப்பூசி பற்றிய பீதியில் மக்கள் விரலில் குத்தி இரத்தம் எடுக்கவே விடவில்லை. வேறு வழியின்றி ஆய்வைப் பறவை மலேரியாவின் பக்கம் திருப்பியவர், முகமது பக்ஸ் என்ற உதவியாளருடன் உழைத்து, கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து கடியின் வழியே நலமான பறவைக்குப் பரவுவதை ஜூலையில் நிறுவினார். மனித மலேரியாவில் அந்தச் சுழற்சியை அதே ஆண்டு முழுமையாகக் காட்டியவர்கள் இத்தாலியின் கிராஸியும் அவருடைய குழுவினரும். கெர்வாரா மாற்றல் வராதிருந்தால் அதையும் ராஸே முடித்திருக்கக்கூடும் என்றே எண்ணுகிறேன். 1899இல் அவர் பணியை விட்டு லிவர்பூல் சென்றுவிட்டார். நோபல் பரிசு 1902இல் வந்தது.