கேளுங்க ஆச்சி: குயில்ட் பாக்க ஒரு குரூப் டூர்

போன இதழ்ல நான் இங்கிலாந்துக்குப் போயி பழைய குயில்ட்டெல்லாம் (ரெண்டு துணிக்கு நடுவுல பஞ்சு வச்சுத் தைக்கிற விரிப்பு) பாத்துட்டு வந்தத ரெண்டு பாரா எழுதுனேன், அதுக்கு வந்த கடிதங்கள்ல அஞ்சுக்கு இங்க பதில்.

கேள்வி: ஆச்சி, நாங்க தையல் கிளாஸ்ல ஒண்ணா படிச்ச 12 பேரு. குரூப்பா வெளிநாடு போயி குயில்ட் பாக்கணும், அப்படியே பழைய கோட்டை, கோயில், அரண்மனையும் பாக்கணும். ஏஜென்ட்டக் கேட்டா லண்டன், பாரிஸ், சுவிஸ்னு 9 நாள் பஸ் பேக்கேஜ நீட்டுறாரு. என்ன பண்றது?
காரைக்குடி வாசகி

பதில்: தங்கச்சி, அந்த பேக்கேஜ வேண்டாம்னு சொல்லிருங்க. மூணு நாடு 9 நாள்ல ஓடுனா ஜன்னல் வழியா பாக்கறதுதான் மிச்சம், குயில்ட்டுன்றது கிட்டப் போயி நின்னு ஒவ்வொரு தையலா பாக்கற சமாச்சாரம். ஒரே நாடு எடுங்க, போற எடத்த நீங்களே எழுதி ஏஜென்ட் கையில குடுங்க, டிக்கெட்டும் ரூமும் மட்டும் அவரு போடட்டும்.

இங்கிலாந்துன்னா லண்டன், பாத், டர்ஹம், அத ஒட்டுன வேல்ஸ்ல கார்டிஃப், நாலே ஊரு போதும். லண்டன்ல விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் இருக்கு. நான் மொத தடவ போனப்ப நேரா உள்ள போயி குயில்ட் எங்கன்னு கேட்டேன், பாதிக்கு மேல ஸ்டோர் ரூம்ல இருக்குன்னுட்டாங்க, அவ்வளவு தூரம் போயி அழுகையே வந்துருச்சு எனக்கு. அவங்க மேல தப்பில்ல, வெளிச்சம் பட்டா பழைய துணி சாயம் போயிரும், நூல் இத்துப் போயிரும், அதான் உள்ள வச்சிருக்காங்க. இப்ப 2025-ல கிழக்கு லண்டன்ல வி அண்ட் ஏ ஈஸ்ட் ஸ்டோர்ஹவுஸ்னு அந்த ஸ்டோரையே தொறந்து விட்டுட்டாங்க. ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே ஆன்லைன்ல அவங்க லிஸ்ட்ல இருந்து அஞ்சு பொருள் வரைக்கும் கேட்டு வைக்கலாம், எடுத்து முன்னாடி வச்சுக் காட்டுவாங்க, காசு கெடையாது. 12 பேரு போறீங்கன்னா எத்தனை எத்தனை பேரா உள்ள விடுவாங்கன்னு முன்னாடியே மெயில் போட்டு கேட்டுக்குங்க.

பாத் ஊர்ல ரோமானியர் காலத்து வெந்நீர்க் குளம் இருக்கு, நம்ம ஊரணி மாதிரியே நாலு பக்கமும் படி இறங்கும், கல்லுக்கட்டப் பாத்தா ஊரணி ஞாபகம் வராம போகாது. ஊருக்கு வெளிய கிளாவர்டன் மேனர்னு ஒரு பங்களாவுல அமெரிக்கன் மியூசியம், 1961-ல தொறந்தது, அமெரிக்கப் பொம்பளைங்க தைச்ச குயில்ட்டுக்குப் பேர்போன எடம். குளிர் மாசத்துல மூடுவாங்க, அதனால தேதி பாத்துட்டு டிக்கெட் போடுங்க.

விசா ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாத்தான், குரூப் விசான்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. பயணத் தேதிக்கு மூணு மாசம் முன்னாடி இருந்து அப்ளை பண்ணலாம், கைரேகை குடுக்க சென்னைக்கு ஒரு நடை போகணும், 12 பேரும் வேன் வச்சுப் போயிட்டு வந்துருங்க.

கேள்வி: எங்க மாமியா, "ஒட்டுத் துணியப் பாக்க கடல் தாண்டிப் போகணுமா, அதான் நம்ம வீட்லயே பழைய சேலைய மடிச்சு புள்ளைக்கு விரிப்பு தைக்கிறோமே"ன்னு கேக்குறாக. என்ன சொல்ல?
பள்ளத்தூர் வாசகி

பதில்: அவுக சொல்றது நூத்துக்கு நூறு சரி, அந்த விரிப்பும் குயில்ட்டோட கூடப் பொறந்ததுதான். மேல ஒரு துணி, அடியில ஒரு துணி, நடுவுல பஞ்சோ பழந்துணியோ, மூணையும் சேத்து ஊசிய ஓடவிட்டு தைச்சா குயில்ட், அவ்வளவுதான். தேர்ல தொங்க விடுற தொம்பை பாத்திருப்பீங்கல்ல, வெட்டுன துணிய வச்சு யாளி, பூன்னு தைக்கறது, அதுவும் அந்த வேலையோட சொந்தக்காரதான். ஆனா கடல் தாண்டிப் போறதுக்கு ஒரு காரணம் இருக்கு, அத மாமியாகிட்ட சொல்லுங்க.

நம்ம சோழமண்டலக் கரையில சாயவேர் போட்டு செவப்பேத்தி, கையால பூவும் கொடியும் எழுதுன பருத்தித் துணி கப்பல் கப்பலா இங்கிலாந்துக்குப் போச்சு. அங்க உள்ள பொம்பளைங்க அதுல மயங்கிப்போயி சட்டை, திரைச்சீலை, கட்டில் விரிப்புன்னு எல்லாத்துக்கும் அதையே கேக்க ஆரம்பிச்சாங்க, அந்த ஊரு கம்பளி நெசவாளி, பட்டு நெசவாளியெல்லாம் பொழப்பு போச்சுன்னு கலகம் பண்ணி, கடைசியில 1721-ல அச்சுப் போட்ட பருத்தித் துணிய உடுத்தக்கூடாது, வீட்ல பொழங்கக்கூடாதுன்னு சட்டமே போட்டாங்க. 1774 வரைக்கும் அந்தச் சட்டம் இருந்துச்சு. அவ்வளவு அருமையான துணிங்கறதால சின்னத் துண்டக்கூட தூக்கிப் போட மனசு வராம, அதுல உள்ள பூவ மட்டும் தனியா வெட்டி எடுத்து வெள்ளைத் துணியில வச்சுத் தைச்சாங்க, அந்த வேலைக்கு ப்ராட்ரி பெர்ஸ்னு பேரு. நம்ம கரையில யாரோ ஒரு சாயக்காரர் எழுதுன பூ 300 வருஷமா செவப்பு மங்காம லண்டன்ல கண்ணாடிக்குள்ள இருக்கறத பாத்தப்ப எனக்கு தொண்டை அடைச்சுருச்சு, பக்கத்துல நின்ன வெள்ளைக்காரம்மாகிட்ட இது எங்க ஊருப் பக்கத்துதுன்னு விரல நீட்டி நீட்டி சொன்னேன். இத்தாலி மார்பிளும் பர்மா தேக்கும் போட்டு வீடு கட்டுனவங்க நாம, வெளிநாட்டுச் சாமான் நம்ம வீட்டுக்கு வந்த கதைதான் பேசுவோம், நம்ம துணி அங்க போன கதைய யாரு பேசுறா?

மேல சொன்ன விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துல ட்ரிஸ்டன் குயில்ட்டையும் கேட்டுப் பாருங்க. இத்தாலிக்குக் கீழ சிசிலித் தீவுல 1360-லருந்து 1400-க்குள்ள தைச்சது, லினன் துணியில ட்ரிஸ்டன்ங்கற ஒரு வீரனோட கதைய தைச்சு, உருவத்துக்கு மட்டும் பின்னாலருந்து பஞ்சத் திணிச்சு புடைப்பா காட்டியிருக்காங்க. குதிரையும் கப்பலும் தொட்டா கையில வந்துரும் போல நிக்கும்.

கேள்வி: ஆச்சி, நான் 30 வருஷமா டைலர் கடை வச்சிருக்கேன், இதெல்லாம் பொம்பளைங்க வேலைன்னு எல்லாரும் சொல்றாங்க. நானும் இந்த டூருக்கு வரலாமா?
தேவகோட்டை வாசகர்

பதில்: அண்ணே, நீங்கதான் மொத ஆளா வரணும். வேல்ஸ்ல ரெக்ஸம்னு ஒரு ஊரு, அங்க ஜேம்ஸ் வில்லியம்ஸ்னு ஒரு டைலர் 1842-லருந்து 1852 வரைக்கும் பத்து வருஷம், கடை வேலை முடிஞ்ச நேரத்துல உக்காந்து 4,525 கம்பளித் துண்டு சேத்து ஒரு விரிப்பு தைச்சாரு. ஆதாம் மிருகத்துக்கெல்லாம் பேர் வைக்கறது, நோவாவோட கப்பல், மெனாய் தொங்கு பாலம், ரயில் போற பாலம் எல்லாம் அதுல இருக்கு. அது கார்டிஃப் பக்கத்துல செயின்ட் ஃபேகன்ஸ் மியூசியத்தோட சொத்து, வேற ஊர் கண்காட்சிக்கும் குடுத்து அனுப்புவாங்க, அதனால இருக்கான்னு எழுதிக் கேட்டுட்டுப் போங்க. இல்லாட்டியும் அந்த எடம் பாக்கணும், தட்சிணசித்ராவுல நம்ம செட்டிநாட்டு வீட்ட பேத்தெடுத்து வச்சிருக்காங்கல்ல, அதே மாதிரி வேல்ஸ் பூரா இருந்து வீடு, கடை, பள்ளிக்கூடம்னு பிரிச்சுக் கொண்டாந்து மறுபடி கட்டியிருக்காங்க, நுழைவுக் கட்டணம் கெடையாது.

கேள்வி: டர்ஹம் அவ்வளவு தூரம், அத விட்டுறலாமா?
கானாடுகாத்தான் வாசகி

பதில்: விடாதீங்க. கார்டிஃப்லருந்து ரயில்ல அஞ்சாறு மணி நேரம் ஆகும், ஆனா 1093-ல கட்ட ஆரம்பிச்ச கதீட்ரல், அதான் பெரிய சர்ச்சு, குன்று மேல நிக்கறத பாத்தீங்கன்னா அலுப்பு போயிரும். எனக்கு அதவிடப் பெருசு அந்தப் பக்கத்து குயில்ட்டுதான். ஒட்டே இல்லாம முழுத்துணியில, வெறும் தையலாலேயே இறகு, சுருள், பூன்னு கோலம் மாதிரி போட்டுருப்பாங்க. அதுக்கு மேற்க ஆலன்ஹெட்ஸ்ங்கற ஊர்ப் பக்கம் நீலப் பென்சில்ல டிசைன் வரைஞ்சு குடுக்கறதுக்குன்னே ஆளுங்க இருந்தாங்க, எலிசபெத் சாண்டர்சன்னு ஒரு அம்மா அதுல பேர்போனவங்க.

நிலக்கரிச் சுரங்கத்துல புருஷன பறிகொடுத்தவங்க அங்க குயில்ட் கிளப்னு நடத்துனாங்க, வாரா வாரம் எல்லாரும் கொஞ்சங் கொஞ்சம் காசு குடுப்பாங்க, முறை வர்றப்ப அவங்களுக்கு குயில்ட் தைச்சு வரும், அப்படியே நம்ம சீட்டுதான். அந்தக் காசுல புள்ளைங்கள வளத்துருக்காங்க. 1928-ல அரசாங்கம் இந்தத் தையல்காரிங்களுக்கு வேலை புடிச்சுக் குடுக்க ஒரு திட்டம் போட்டு, லண்டன்ல கிளாரிட்ஜ்ஸ்ங்கற பெரிய ஹோட்டல்ல இருந்தே ஆர்டர் வந்துச்சு. பக்கத்துல பீமிஷ் மியூசியம், அங்கயும் இந்த குயில்ட் நெறைய சேத்து வச்சிருக்காங்க, ஒரு முழு நாள் ஒதுக்குங்க.

கேள்வி: சாப்பாடு, கத்தரி இதெல்லாம் எப்படி?
கோட்டையூர் வாசகி

பதில்: கத்தரி கைப்பையில வேண்டாம், நம்ம ஏர்போர்ட்லயே புடுங்கிருவாங்க, பெரிய பெட்டியில போடுங்க. உப்புக்கண்டம், நெய், பால்கோவா அந்த நாட்டுக்குள்ள விடமாட்டாங்க. எண்ணெயில சுட்ட சீப்புச்சீடை, தேன்குழல் கொண்டு போங்க, பொடி வகைய நல்லா சீல் பண்ணி வச்சுக்குங்க. வீட்ல வெட்டி மிச்சமான கண்டாங்கித் துண்டு நாலு எடுத்துட்டுப் போங்க, அங்க தையல்காரவங்க யாரையாவது பாத்தா குடுக்கலாம். நான் ஒண்ணு குடுத்தேன், அந்தம்மா பதிலுக்கு தன் பையிலருந்து ஒரு பூப்போட்ட துண்டு குடுத்தாங்க, அதத்தான் இப்ப பேத்திக்கு தைக்கிற விரிப்புல நடுவுல வச்சிருக்கேன்.