"சகலத்தையும் புதிதாக்குகிறேன்": கேள்விகளும் பதில்களும்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். இருபது வருடங்களுக்கு மேலாக வேதாகம எபிரெயமும் கிரேக்கமும் சொல்லித்தருகிறேன். இன்றைக்கு எடுத்துக்கொண்டது ஒரே பொருள்: தேவன் மனுஷரையும் உலகத்தையும் புதிதாக்குவார் என்ற நம்பிக்கை. மொழி, வரலாறு, வேதபாடம் சார்ந்து கேளுங்கள். போதகரிடமோ மருத்துவரிடமோ கேட்க வேண்டியதை அவர்களிடமே அனுப்பிவிடுவேன். வசனங்களைப் பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே எடுக்கிறேன்.

மழைத்துளி: தீத்து 3:5-ல் "மறுஜென்ம முழுக்கு" என்று இருக்கிறது. அப்படியானால் வேதம் மறுபிறவியை ஏற்கிறதா?

இல்லை. ஆனால் நீங்கள் கைவைத்த இடம் அருமையான இடம். அங்கே கிரேக்கத்தில் இருக்கும் சொல் பலிங்கெனேசியா, "மீண்டும் பிறத்தல்". ஓர் ஆத்துமா வேறொரு உடம்புக்குப் போவதை அது சொல்லவில்லை. அதே ஆள், அதே உயிரோடு இருக்கும்போதே, புதிதாவதைச் சொல்கிறது. முதலாம் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு, பாபிலோன் சிறையிருப்புக்குப்பின் தம் ஜனத்துக்கு நாடு திரும்பக் கிடைத்ததைச் சொல்ல இதே சொல்லை எழுதினார். ஜலப்பிரளயத்துக்குப்பின் உலகம் மீண்டும் தொடங்கியதற்கு அலெக்சாந்திரியாவின் யூதத் தத்துவஞானி பிலோ இதையே பயன்படுத்தினார். அதே நாடு, அதே நிலம்.

புதிய ஏற்பாட்டில் இந்தச் சொல் இரண்டே இடங்களில்தான் வருகிறது. ஒன்று தீத்து, அங்கே அது தனி மனுஷனைப் பற்றியது. மற்றது மத்தேயு 19:28, "மறுஜென்மகாலத்திலே" என்று இயேசு சொல்வது. அங்கே அது முழு உலகத்தையும் பற்றியது. மனுஷனுக்கும் உலகத்துக்கும் ஒரே சொல். "என் ஆத்துமா பிழைத்தால் போதும், உலகம் எப்படிப் போனால் என்ன" என்று நினைக்கிறவர்கள் இதை நின்று யோசிக்க வேண்டும். இரண்டும் ஒரே வேலையின் இரண்டு பக்கங்கள் என்று நான் நம்புகிறேன். படைத்தவர் படைத்ததைத் தூக்கிப் போடுவதில்லை.

2 கொரிந்தியர் 5:17-ஐயும் சேர்த்துப் பாருங்கள். "புதுச்சிருஷ்டியாயிருக்கிறான்" என்று தமிழில் முழு வாக்கியமாக இருக்கிறது. கிரேக்கத்தில் வினைச்சொல்லே இல்லை. "ஒருவன் கிறிஸ்துவுக்குள்ளா? புதுச்சிருஷ்டி!" என்று பவுல் கூவுகிற மாதிரி இருக்கும். வரப்போகிற உலகத்தின் முதல் கீற்று ஒரு மனுஷனுக்குள் விழுந்துவிட்டது என்ற ஆச்சரியம் அதில் தெரிகிறது.

நடுஇரவு: மனந்திரும்பி நான்கு வருடம் ஆகிறது. குடியை விட்டேன், மறுபடி விழுந்தேன், மூன்று முறை. "எல்லாம் புதிதாயின" என்பது எனக்குப் பொருந்தாதா?

பொருந்தும். அந்த வசனத்துக்கு (2 கொரிந்தியர் 5:17) முந்தின அதிகாரத்தில், அதே பவுல் அதே நிருபத்தில் எழுதினதைப் படியுங்கள்: உள்ளான மனுஷன் "நாளுக்குநாள் புதிதாக்கப்படுகிறது" (4:16). "புதிதாயின" என்பதும் "புதிதாக்கப்படுகிறது" என்பதும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. பவுலுக்கு அதில் முரண்பாடு தெரியவில்லை.

ஒரு ஆளைச் சொல்கிறேன். ஜான் நியூட்டன். 1748-ல் நடுக்கடலில் புயலில் சிக்கி, இரக்கம் கேட்டுத் தேவனிடம் திரும்பினார். சாட்சி சொல்கிறவர்கள் பெரும்பாலும் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஆனால் அதற்கு அப்புறம்தான் அவர் அடிமைக் கப்பலுக்குத் தலைவரானார். 1750 முதல் 1754 வரை மனுஷரைச் சரக்காக ஏற்றிச் சென்றார். நிறுத்தினதும் உடல்நலம் கெட்டதால்தான், மனசாட்சியால் அல்ல. 1764-ல் ஊழியத்துக்கு அபிஷேகம் பெற்றார். அந்த வியாபாரத்தை எதிர்த்துத் தன் குற்றத்தை அச்சில் அறிக்கையிட்டது 1788-ல். புயலிலிருந்து எண்ணினால் நாற்பது வருடம். அவர் இறந்த 1807-ஆம் வருடமே பிரிட்டிஷ் பாராளுமன்றம் அந்த வியாபாரத்தைத் தடை செய்தது. 1748-ல் நடந்தது பொய்யா? இல்லை, விதை விழுந்தது அன்றைக்குத்தான். ஆனால் வேர் எல்லா மூலைக்கும் போய்ச்சேர நாற்பது வருடம் பிடித்தது. அதற்குள் எத்தனையோ பேர் அவர் கையால் பாடுபட்டார்கள் என்பதையும் நான் மறைக்க மாட்டேன். தாமதத்துக்கு விலை உண்டு. அதனால்தான் நீங்கள் இன்றைக்கே மறுபடி எழ வேண்டும் என்கிறேன்.

ஒரு எச்சரிக்கை, இதை எங்கே போனாலும் சொல்வேன்: நெடுநாள் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரின் துணையோடு நிறுத்துங்கள். ஜெபமும் மருத்துவமும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல.

விழித்திரு: போர், பூமியதிர்ச்சி எல்லாம் நடக்கிறதே, கிறிஸ்துவின் இரண்டாம் வருகை எந்த வருடம் என்று கணக்கிட முடியுமா?

முடியாது. மத்தேயு 24:36, அப்போஸ்தலர் 1:7. அமெரிக்கப் பிரசங்கியார் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22-ஐக் குறித்துவைத்துக் காத்திருந்தார்கள். மறுநாள் வழக்கம்போல விடிந்தது. பலருடைய விசுவாசம் அதோடு உடைந்துபோனது.

ஒலிவமரம்: எரேமியா 29:11-ஐ எனக்கான வாக்குத்தத்தமாக எடுத்துக்கொள்ளலாமா? வேலை போய்விட்டது.

எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் பத்தாம் வசனத்தோடு சேர்த்து. அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதின கடிதம். "எழுபது வருஷம்" என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் சமாதானத்துக்கேற்ற நினைவுகளைப் பற்றிப் பேசுகிறார். கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் திரும்பி வரமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்கிறார். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருவன், இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று கர்த்தரின் பேரில் சொன்னான். கேட்க இனிமையாகத்தான் இருந்திருக்கும். அவன் சொன்னது பொய். நாள் குறித்து ஆறுதல் விற்கிறவர்களிடம் ஜாக்கிரதை.

உங்கள் வேலைக்காக நானும் ஜெபிக்கிறேன்.

சிறுகூடு: ஞானஸ்நானம் முழுக்கா, தெளிப்பா?

உங்கள் போதகரிடம் கேளுங்கள். இன்றைய பொருள் அது அல்ல.

புதுவாசகி: 2 பேதுரு 3:10-ல் "பூதங்கள் வெந்து உருகிப்போம்" என்று வருகிறது. பேய்களையா சொல்கிறார்?

இல்லை அம்மா, பஞ்சபூதம் என்கிறோமே, அந்தப் பூதம். உலகத்தின் மூலப்பொருட்கள்.

தழல்: அப்படியென்றால் உங்கள் வாதம் முழுதும் அந்த வசனத்திலேயே சாம்பலாகிறதே ஐயா. "பூமியும் அதிலுள்ள கிரியைகளும் எரிந்து அழிந்துபோம்." புதுப்பித்தல் எங்கே இருக்கிறது?

நல்லது, இதைப் பொறுமையாகப் பார்ப்போம். கிடைத்திருக்கும் மிகப் பழைய பிரதிகளில் முக்கியமான இரண்டு, நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய்ப் பிரதியும் வத்திக்கான் பிரதியும். இரண்டிலும் அந்த இடத்தில் "எரிந்துபோகும்" என்ற சொல் இல்லை. "கண்டெடுக்கப்படும்" என்ற சொல்தான் இருக்கிறது. "எரிந்துபோகும்" என்பது அடுத்த நூற்றாண்டின் அலெக்சாந்திரியப் பிரதியிலும் பிந்தைய பெரும்பாலான பிரதிகளிலும் இருக்கிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் தங்கள் கையிலிருந்த மூலத்துக்கு உண்மையாகவே மொழிபெயர்த்தார்கள். முந்தின வாசகத்தின்படி பார்த்தால், நெருப்புக்குப்பின் பூமியும் அதில் செய்யப்பட்டவையும் தேவனுக்கு முன்பாக வெளிப்பட்டு நிற்கும்.

தழல்: வேதத்தைத் திருத்துகிறீர்கள். யாருக்கு அந்த உரிமை?

திருத்தவில்லை சகோதரரே. பிரதிகளை விட்டுவிடுங்கள், உங்கள் கையிலிருக்கும் தமிழ் வேதத்திலேயே நான்கு வசனம் மேலே போங்கள். ஆறாம் வசனம்: அப்பொழுது இருந்த உலகம் ஜலப்பிரளயத்தினாலே "அழிந்தது". அழிந்த உலகத்தில்தானே நோவா பேழையிலிருந்து இறங்கிக் கால்வைத்தார்? பேதுரு தண்ணீரையும் நெருப்பையும் இணையாக வைக்கிறார்.

தழல்: வெளிப்படுத்தல் 21:1-ல் முந்தின பூமி "ஒழிந்துபோயின" என்று தெளிவாக இருக்கிறது.

2 கொரிந்தியர் 5:17-லும் "பழையவைகள் ஒழிந்துபோயின" என்றுதான் இருக்கிறது. அங்கே உள்ள கிரேக்க வினைதான் 2 பேதுரு 3:10-ல் "வானங்கள் அகன்றுபோம்" என்பதிலும் வருகிறது. நீங்கள் விசுவாசித்த நாளில் உங்கள் உடம்பு சாம்பலாகி வேறொரு ஆள் உருவானாரா? உங்கள் அம்மா உங்களை அடையாளம் கண்டுகொண்டார்தானே?

கல்வெட்டு: தழல் சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது. நெருப்பை இவ்வளவு மென்மையாக்கினால் நியாயத்தீர்ப்பு என்ன ஆவது?

இது சரியான கேள்வி. நெருப்பை நான் மென்மையாக்க விரும்பவில்லை. மல்கியா 3-ல் கர்த்தர் புடமிடுகிறவனுடைய அக்கினியைப்போல் இருப்பார். புடம் போடுவது வெள்ளிக்கு வலியில்லாத காரியம் அல்ல. கொடுமையும் பொய்யும் அநியாயமாய்ச் சேர்த்ததும் மிச்சமில்லாமல் போகும். போகாவிட்டால் அதைப் புதிய பூமி என்று எப்படிச் சொல்வது? பேதுருவே "நீதி வாசமாயிருக்கும்" என்கிறார்.

தழல் தனியாள் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 17-ஆம் நூற்றாண்டில் யோகான் கெர்ஹார்ட் போன்ற பெரிய லூத்தரன் இறையியலாளர்கள், இந்த உலகம் முற்றிலும் இல்லாமல் போகும் என்றே கற்பித்தார்கள். பக்தியும் படிப்பும் உள்ளவர்கள். ஆனாலும் இரண்டாம் நூற்றாண்டின் சபைப்பிதா ஐரேனியஸ் பக்கம்தான் நான் நிற்கிறேன்: படைப்பின் பொருள் அழிவதில்லை, அதன் கோலம்தான் கடந்துபோகிறது என்றார். அவர் ஆதாரமாக எடுத்த வசனம் தமிழில் இன்னும் அழகாக இருக்கிறது: "இவ்வுலகத்தின் வேஷம் கடந்துபோகிறதே" (1 கொரிந்தியர் 7:31). கலைவது வேஷம். உயிர்த்தெழுந்த இயேசுவின் கையில் ஆணிக்காயம் இருந்தது. கல்லறை காலியாக இருந்தது. பிதா பழைய உடம்பை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைக் கொடுக்கவில்லை.

தழல்: எனக்கு இன்னும் சம்மதமில்லை.

பரவாயில்லை. மல்கியா 3, ரோமர் 8 இரண்டையும் ஒரே நாளில் படித்துப் பாருங்கள். இதை இங்கே நிறுத்துவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

விண்மீன்: இப்போது நடப்பவை கடைசிக்கால அடையாளங்களா? எத்தனை வருடம் மிச்சம்?

மேலே விழித்திருவுக்குச் சொன்னதுதான்.

நாற்றங்கால்: நாளை உலகம் முடியும் என்று தெரிந்தாலும் இன்று ஆப்பிள் மரம் நடுவேன் என்று லூத்தர் எந்த நூலில் எழுதினார்?

எதிலும் இல்லை. 20-ஆம் நூற்றாண்டுக்கு முன் அது எங்கும் காணப்படவில்லை. மரம் நடுவதற்கு 1 கொரிந்தியர் 15:58 போதும்.

வாடாமலர்: பத்து வருடமாக நோய். விசுவாசம் போதவில்லை, மருந்தை விட்டால்தான் தேவன் செயல்படுவார் என்கிறார்கள்.

அப்படிச் சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. பவுல் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவந்தார். பலருக்குச் சுகம் கொடுத்த கை அவருடையது. துரோப்பீமுவை அவர் ஒரு வார்த்தையும் குறைசொல்லவில்லை. எலிசா வியாதியில்தான் மரித்தார். அவருடைய எலும்புகளின்மேல் பட்ட பிணம் உயிரோடெழுந்தது (2 இராஜாக்கள் 13). அவருக்கு விசுவாசம் குறைவு என்பார்களா? மருந்தை நிறுத்தாதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், நிறுத்தாதீர்கள்.

காலம்கடந்தவன்: பகையிலும் பிடிவாதத்திலும் என் பாதி வாழ்க்கை போய்விட்டது. யோவேல் 2:25-ஐப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். போன வருடங்கள் எப்படித் திரும்ப வரும்? அதில் வரும் பச்சைக்கிளிகள், கிளிகள்தானா?

கிளி அல்ல, வெட்டுக்கிளி இனம்தான். எபிரெயத்தில் அங்கே நான்கு சொற்கள் இருக்கின்றன, நான்கும் வெட்டுக்கிளியின் வகைகளையோ வளர்ச்சிப் பருவங்களையோ குறிப்பவை. ஒன்று விட்டதை அடுத்தது தின்றது என்று முதலாம் அதிகாரம் சொல்கிறது. இன்னொரு விஷயம்: "வருஷங்களின் விளைவை" என்று தமிழில் இருக்கிறது. எபிரெயத்தில் "விளைவு" என்ற சொல் இல்லை. "பட்சித்த வருஷங்களையே உங்களுக்கு ஈடுசெய்வேன்" என்கிறார்.

எப்படி என்று கேட்கிறீர்கள். பேதுருவைப் பாருங்கள். அவர் ஆண்டவரை மறுதலித்தபோது கரிநெருப்பருகே குளிர்காய்ந்துகொண்டிருந்தார் (யோவான் 18:18). உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் அவரை உணவுக்கு அழைத்தபோது அங்கேயும் கரிநெருப்பு (21:9). அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இந்த இரண்டு இடங்களில் மட்டும்தான் வருகிறது. பேதுரு மறக்க நினைத்த வாசனைக்கே ஆண்டவர் அவரைத் திரும்பக் கூட்டிவந்து, அங்கேயே என்னை நேசிக்கிறாயா என்று மூன்று முறை கேட்டு, ஆடுகளை ஒப்படைத்தார். அந்த இரவு இல்லாததாகிவிடவில்லை. ஆனால் பின்னாளில் விழுந்தவர்களைத் தாங்க பேதுருவுக்குக் கையிருப்பாக இருந்தது அந்த இரவுதான் (லூக்கா 22:32). பகைத்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பவரிடம் போய்ப் பேசுங்கள். ஒருவர் போதும், முதலில்.

சாளரம்: அந்திக்கிறிஸ்து யார், எப்போது...

இன்றைக்கு இதற்குப் பதில் சொல்ல மாட்டேன், மன்னிக்கவும்.

பெயரில்லாமல்: என் மகள் ஆறு வயதில் போய்விட்டாள். எல்லாம் புதிதாகும் என்கிறீர்கள். அப்போது எனக்கு அவளைத் தெரியுமா?

அம்மா, உங்கள் கேள்வி முதலிலேயே வந்திருந்தால் வேறெதையும் எடுத்திருக்க மாட்டேன்.

தெரியும் என்று நம்புகிறேன். கல்லறைத் தோட்டத்தில் மகதலேனா மரியாளுக்கு உயிர்த்தெழுந்த இயேசுவை முதலில் அடையாளம் தெரியவில்லை. தோட்டக்காரர் என்று நினைத்தாள். அவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "மரியாளே" என்றார், பேர் சொல்லி. அந்தக் குரலிலேயே தெரிந்துவிட்டது. சாவைத் தாண்டி வந்த பிறகும் அவருக்கு அவள் பேர் தெரிந்திருந்தது, அவளுக்கு அவர் குரல் தெரிந்திருந்தது. புதிதாக்குதல் என்று நான் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான். உங்கள் மகளுக்குப் பதிலாக வேறொரு பிள்ளை அல்ல. அவளேதான்.

அதுவரைக்கும் அழுங்கள். லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தே இயேசு அழுதார். அவள் பேரை எனக்குத் தனியாக எழுதி அனுப்புங்கள். இன்று இரவு ஜெபத்தில் அந்தப் பேரைச் சொல்வேன்.