ஃப்ராங்க் சொனாட்டாவும் வயலினை விழுங்கும் பியானோவும்

வணக்கம்.

நானும் தங்கையும் இசையமைப்பாளர் சேஸார் ஃப்ராங்கின் ஏ மேஜர் சொனாட்டாவை (வயலினும் பியானோவும் சேர்ந்து வாசிக்கும் நான்கு பகுதிப் படைப்பு) பழகிவருகிறோம். அவள் வயலின், நான் பியானோ. கடைசிப் பகுதியில் எவ்வளவு சத்தம் குறைத்தாலும் பியானோ வயலினை விழுங்கிவிடுகிறது. முதல் பகுதி இழுவையாக வருகிறது. செல்லோ வாசிக்கும் நண்பரோடு முயன்றால் சரியாகுமா?

ர.

அன்புள்ள ர.,

செல்லோவால் சிக்கல் கூடத்தான் செய்யும். செல்லோ கலைஞர் ஜூல் டெல்சார் இந்தச் சொனாட்டாவுக்குச் செய்த செல்லோ வடிவில் பியானோ பகுதி மாறவே இல்லை. செல்லோ பெரும்பாலும் ஒரு ஸ்தாயி கீழே இறங்கி, பியானோவின் நடு ஸ்தாயிக்குள்ளேயே போய் நின்றுவிடுகிறது.

கடைசிப் பகுதி கானன். அதாவது பியானோ தொடங்கும் மெட்டையே ஒரு பார் (ஒரு தாளச் சுற்று) தள்ளி வயலின் எடுக்கிறது. ஆகவே உங்கள் உச்சம் கடந்த பிறகுதான் தங்கையின் உச்சம் வரும். அந்த நேரத்திலும் நீங்கள் தளராமல் நின்றால், மொத்தச் சத்தம் குறைவாக இருந்தாலும் வயலின் கேட்காது. ஏறி முடித்ததும் இறங்கிவிடுங்கள். முதலில் இடது கையை விட்டுவிட்டு, வலது கையின் மேல் சுவரத்தை மட்டும் வயலினோடு வாசித்துப் பாருங்கள். அது பிடிபட்ட பிறகு உள் சுவரங்களையும் பாஸையும் (அடிச் சுவரங்கள்) மெல்லச் சேர்க்கலாம். கார்ட் (சேர்ந்தொலிக்கும் சுவரக் கூட்டு) மாறும் இடமெல்லாம், ஒலியை நீட்டும் பெடலும் மாற வேண்டும். தங்கை வில்லை அழுத்த வேண்டாம், நீளமாக ஓட்டட்டும்.

1886 செப்டம்பரில் வயலின் கலைஞர் யூஜீன் இஸாயிக்கு ஃப்ராங்க் திருமணப் பரிசாகத் தந்த படைப்பு இது. அதே ஆண்டு டிசம்பர் 16 அன்று பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகத்தில் முதன்முதலாகப் பொதுவில் வாசித்தபோது இருட்டிவிட்டது, விளக்கேற்ற அனுமதி இல்லை. இஸாயியும் பியானோ வாசித்த லெயோன்தின் போர்த்-பென்னும் மீதியைத் தாள் பார்க்காமலே முடித்தார்கள் என்று ஃப்ராங்கின் மாணவர் வின்சென்ட் டாண்டி எழுதியிருக்கிறார். கானனின் முதல் சில பார்களை நீங்களும் தாளை மூடிவிட்டு வாசித்துப் பாருங்கள். காது தானாக அடுத்தவர் பக்கம் போகும்.

முதல் பகுதி 9/8 தாளம், ஒரு பாருக்கு மூன்று மூன்றாக ஒன்பது எண்ணிக்கை. ஒன்பதாக எண்ணினால் இழுக்கத்தான் செய்யும், மூன்றாக எண்ணுங்கள். ஃப்ராங்க் அதை மெதுவான பகுதியாகவே நினைத்திருந்தார். இஸாயி வேகமாக வாசித்துக் காட்ட, அதை ஏற்று அலெக்ரெட்டோ (ஓரளவு விரைவாக) என்று குறித்தார். தொடக்கத்தில் பியானோ தனியாக வாசிக்கும் நான்கு பார்களும் ஆதாரச் சுவரமான ஏ-யில் வந்து அமர்வதில்லை, ஈ-யின் மேல் கட்டிய ஒன்பதாம் கார்டிலேயே மிதக்கின்றன. அதை நிறுத்தி அழகு பார்த்தால் நகராது. இரண்டாம் மெட்டு ஏறக்குறைய முழுவதும் உங்களுடையது, வயலின் ஓய்வில் இருக்கும். இழுவை பெரும்பாலும் அங்கேதான் சேரும்.

ஃப்ராங்கின் கை பெரியது, கார்டுகளும் அப்படியே. எட்டாத இடத்தில் அடிச் சுவரத்தைத் தாளத்துக்குச் சற்று முன்னால், பெடலோடு சேர்த்துத் தட்டுங்கள். மேல் சுவரம் வயலினோடு தாளத்தில் விழட்டும். மாற்றிச் செய்தால் வயலின் முந்தியதுபோல் கேட்கும்.

உண்மையில் பியானோ வயலினை அதிகம் அமுக்கும் இடம் இரண்டாம் பகுதி. அங்கே வயலின் தாழ்ந்த ஸ்தாயியில் நுழைகிறது, கீழே உங்கள் பதினாறாம் சுவரங்கள் (வேகமான சிறு சுவரங்கள்) ஓடிக்கொண்டிருக்கின்றன. பெடலைப் பாதிதான் அழுத்த வேண்டும்.