ராணுவப் பயிற்சியில் காலைக் காப்பது: கேள்வி பதில்

வேலூர் தம்பி: 1.6 கி.மீ.யை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடிவிட்டேன். இனி அடிபடாதுதானே?

வாய்ப்பு குறைவு. மெதுவாக ஓடுபவர்களுக்குத்தான் காயம் அதிகம் என்று பல நாட்டு ராணுவங்களில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் தேர்வுக்கு ஓடிவிட்டு, அழைப்பு வரும்வரை வீட்டில் சும்மா படுத்திருக்காதீர்கள். எலும்பு பழையதைக் கரைத்துவிட்டுத்தான் புதியதைக் கட்டும். அந்த இடைவெளியில் பூட்ஸும் பாரமுமாகச் சுமை திடீரென்று ஏறினால் மயிரிழை விரிசல் விழும். 1855இல் பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹாப்ட், நடந்து நடந்து வீங்கிய சிப்பாய்களின் பாதங்களைப் பற்றி எழுதினாரே, அது இதுதான். அப்போது எக்ஸ்ரேயே கிடையாது. பழைய காயம் இருந்தால் இன்னும் கவனம். பீடி, சிகரெட்டை இன்றே விடுங்கள்.

முத்து: முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் வலி. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லையாம். மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுகிறேன்.

நிறுத்துங்கள். எலும்பு நெடுக வலித்தால் ஓய்வில் அடங்கலாம். விரல் வைத்த ஒரே இடத்தில் சுள்ளென்றால் விரிசலைச் சந்தேகிக்கணும். முதல் சில வாரம் அது எக்ஸ்ரேயில் தெரியாமல் போகும். வலி மாத்திரை வலியைத்தான் மறைக்கும், விரிசலை அல்ல.

தட்டைப் பாதத்துக்கு எந்த ஷூ?

பாதத்தின் வளைவு பார்த்து ஷூ கொடுத்து அமெரிக்க ராணுவத்தில் சோதித்தார்கள். காயம் குறையவில்லை. அளவு சரியாக இருக்கட்டும், தேய்ந்ததைத் தூக்கிப் போடுங்கள், போதும்.

ஓய்வுபெற்ற ஹவில்தார்: எங்கள் காலத்தில் கான்வாஸ் ஷூதான். ஒருத்தனும் விழவில்லை.

விழுந்தவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள் ஐயா. நின்றவர்கள்தானே இப்போது கதை சொல்கிறீர்கள்!

ஹவில்தார்: அப்போ ஓடும் முன் காலை இழுத்து நீட்டுவதும் வீணா?

ஆஸ்திரேலியாவில் 1,538 புதுச் சிப்பாய்களிடம் பார்த்தார்கள், 2000இல் வெளியானது. இழுத்தவர்களுக்கும் இழுக்காதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உடல் தகுதிதான் வித்தியாசம் காட்டியது. நீங்கள் கோபப்பட்டாலும் அந்த முடிவு மாறாது.

கவிதா: பெண்களுக்கு எலும்பு பலவீனமா?

காயம் அதிகம்தான். ஆனால் ஓட்டத் தகுதி சமமானவர்களை ஒப்பிட்டால் அந்த வித்தியாசம் பெரிதும் சுருங்கிவிடுகிறது. அப்புறம், அணிவகுப்பில் உயரமானவர்களின் காலடி எட்டுக்கு ஈடாகக் குள்ளமானவர்கள் நீட்டி நடந்தால் இடுப்பெலும்பில் சுமை ஏறும். அதற்குப் பயிற்சி கொடுப்பவர்தான் எட்டைக் குறைக்கணும்.

செல்வம்: எந்த ஷூ வாங்கலாம்?

மேலே படியுங்கள்.

ராஜா: நல்ல ஷூ எது சார்?

மேலே.

பாண்டி: தொடை இடுக்கில் ஒரு வாரமாக வலி. மாத்திரை போட்டு ஓடலாமா?

ஓடாதே தம்பி, மாத்திரையும் வேண்டாம். தொடை எலும்பின் கழுத்தில் விரிசலாக இருக்கலாம். விலகிவிட்டால் அறுவை சிகிச்சைதான். நாளைக் காலையே எலும்பு மருத்துவரைப் பார்.