நூலகத்தில் ஒருவர் எடுத்த புத்தகங்களின் விபரத்தை இன்னொருவருக்குச் சொல்லலாமா?

சொல்லக்கூடாது. கேட்பவர் பெற்ற தாயானாலும் பள்ளிக்கூட அதிபரானாலும் என் பதில் அதுதான். யாழ்ப்பாணத்தில் ஒரு நூலகத்தின் இரவல் பகுதியில் வேலை செய்கிறேன். இந்தக் கேள்வி எங்கள் மேசைக்கு அடிக்கடி வரும்.

பெரும்பாலும் அம்மாமார்தான். "தங்கச்சி, மகள் ஏ.எல். படிக்கிறாள், கதைப் புத்தகமோ எடுக்கிறவள்? ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கோ." கெட்ட எண்ணம் இல்லை, கவலைதான். "மகளிட்டையே கேளுங்கோ அம்மா" என்று பக்குவமாகச் சொல்லி அனுப்புவேன். சிலர் கோபித்துக்கொண்டு போவார்கள். ஆனால் அந்தப் பிள்ளை மனச்சோர்வு பற்றி ஒரு புத்தகம் தேடி வந்திருக்கலாம். வீட்டுக்குத் தகவல் போகும் என்று தெரிந்தால் பிறகு அந்த இறாக்கைப் பக்கமே போகமாட்டாள். சின்னப் பிள்ளைகள் விஷயம் வேறு, அவர்களுக்குப் புத்தகம் தெரிவுசெய்வதே பெற்றோர்தானே.

2012இல் இஃப்லா என்ற சர்வதேச நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பு வெளியிட்ட நூலகர் ஒழுக்கக் கோவையும் வாசகருக்கும் நூலகத்துக்கும் இடையிலானது இரகசியம் என்றே சொல்கிறது. எங்கள் ஊருக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை. யுத்தத்தின்போது சென்றியில் (சோதனைச் சாவடியில்) பையைத் திறந்து காட்டிய காலத்தில், வீட்டிலிருந்த சஞ்சிகைகளை எரித்தவர்களும் வளவுக்குள் தாட்டவர்களும் இன்னும் எங்கள் வாசகர்களாக இருக்கிறார்கள்.

இரவல் கொடுப்பதைப் பதியும் பழைய பிரவுண் முறை இந்த விஷயத்தில் அருமையானது. புத்தகத்துக்குள் செருகியிருக்கும் அதன் விபர அட்டையை உருவி, வாசகரின் சிறு அட்டைப் பைக்குள் செருகி, திகதி வாரியாகத் தட்டில் அடுக்குவோம். புத்தகம் திரும்பி வந்ததும் இரண்டும் பிரிந்துவிடும். யார் எடுத்தார் என்ற தடயமே மிஞ்சாது. கோஹா போன்ற நூலக மென்பொருளில் அப்படியில்லை, நாமாக அழிக்க ஏற்பாடு செய்யாவிட்டால் பழைய பதிவுகள் கிடந்துகொண்டே இருக்கும். வாசகரின் பெயரை நீக்கிவிட்டு எண்ணிக்கையை மட்டும் வைத்திருக்கும் வசதி அதற்குள்ளேயே இருக்கிறது. தயவுசெய்து அதைப் பயன்படுத்துங்கள்.

பொலிஸ் கேட்டால்? மேசையில் நிற்பவர் வாயால் ஒன்றும் சொல்லவேண்டாம். எழுத்தில் கேட்கச் சொல்லி, பொறுப்பான நூலகரிடம் அனுப்புங்கள். நீதிமன்றக் கட்டளை வந்தால் அவர் பார்த்துக்கொள்வார்.

அப்புறம், புத்தகம் திருப்பித் தராதவர்களின் பட்டியலை அறிவித்தல் பலகையில் ஒட்டும்போது பெயரையும் தலைப்பையும் எழுதவேண்டாம். அங்கத்துவ இலக்கம் போதும்.