காகிதப்பூ போன்சாயில் முள்தான் வருகிறது, பூவே இல்லை

கேள்வி: ஏழு வருடமாக ஒரு காகிதப்பூ (போகன்வில்லா) போன்சாய் வளர்க்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு பெரிய தொட்டியிலிருந்து தட்டுத் தொட்டிக்கு மாற்றினேன். காலையில் இரண்டு மணி நேரம் வெயில் படும் பால்கனியில் இருக்கிறது. தினம் இரு வேளை தண்ணீர், பதினைந்து நாளுக்கு ஒருமுறை கடலைப் புண்ணாக்குக் கரைசல் கொடுக்கிறேன். இலை கரும்பச்சையாகச் செழித்து, கிளைகள் நீளநீளமாக ஓடுகின்றன. வடிவம் கெடக் கூடாதே என்று வாராவாரம் நுனியை வெட்டிவிடுகிறேன். ஒரு வருடமாகப் பூவே இல்லை. வேரை வெட்டி மண் மாற்றினால் பூக்குமா?

பதில்: வேரில் கை வைக்க வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மரத்துக்கு நோய் எதுவும் இல்லை. நிழலும் தண்ணீரும் தழைச்சத்தும் தாராளமாகக் கிடைப்பதால் வளர்ந்துகொண்டே இருக்கிறது, அவ்வளவுதான்.

நீண்டு ஓடும் கிளை ஒன்றைப் பிடித்து, இலைக்காம்பு தண்டோடு சேரும் கக்கத்தைப் பாருங்கள். அங்கே ஒரு முள் நிற்கும். காகிதப்பூவில் முள்ளும் பூங்கொத்தும் ஒரே உறுப்பின் இரண்டு வடிவங்கள். செடி வளரும் வேகத்தில் இருந்தால் அந்த இடம் முள்ளாகிறது, வேகம் அடங்கினால் பூங்கொத்தாகிறது. கிளையில் எங்கே முள், எங்கே மொட்டு என்று பார்த்தாலே உங்கள் பராமரிப்பு எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும். இதை நேரில் கவனித்த பிறகுதான் இந்தச் செடி எனக்குப் பிடிபட்டது. இன்னொன்று, நாம் பூ என்று ரசிக்கும் வண்ண இதழ்கள் உண்மையில் நிறம் மாறிய இலைகள்தான். அவற்றில் ஒட்டியிருக்கும் சின்ன வெள்ளைக் குழல்தான் பூ.

முதலில் வெயிலைச் சரிசெய்யுங்கள். இரண்டு மணி நேரம் இந்தச் செடிக்குப் போதவே போதாது. குறைந்தது ஆறு மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். மொட்டை மாடியோ திறந்த முற்றமோ இருந்தால் நல்லது. ஆனால் ஒரே நாளில் தூக்கி உச்சி வெயிலில் வைத்துவிடாதீர்கள், நிழலில் பழகிய இலை கருகிவிடும். பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டுங்கள். வெயில் இல்லாமல் மற்ற எதைச் செய்தாலும் பலன் இருக்காது.

அடுத்து, புண்ணாக்குக் கரைசலை இன்றோடு நிறுத்துங்கள். அதில் தழைச்சத்துதான் அதிகம். உங்கள் மரத்தின் கரும்பச்சையும் நீண்ட கிளைகளும் அதன் வேலைதான். ஒரு மாதம் எந்த உரமும் வேண்டாம். அப்புறம் பொட்டாசியம் சல்பேட் லிட்டருக்கு ஒரு கிராம் கரைத்து, ஈர மண்ணில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊற்றினால் போதும்.

தண்ணீர் விஷயத்தில்தான் உங்கள் கவனம் முழுக்க வேண்டும். வயலில் சொல்கிற காய்ச்சலும் பாய்ச்சலும் இதற்கும் பொருந்தும். புது வெயிலுக்கு மரம் பழகியதும் தொடங்குங்கள். மேல்மண் காய்ந்த பிறகும் உடனே ஊற்றாமல் இளந்தளிரைப் பாருங்கள். தளிர் விறைப்பு குறைந்து லேசாகத் தொங்கும் நேரத்தில், அடித்துளை வழியாக வழியும்வரை ஊற்றுங்கள். மறுபடி தொங்கும்வரை காத்திருங்கள். இப்படி இரண்டு மூன்று வாரம். தட்டுத் தொட்டியில் மண் கொஞ்சம்தான் என்பதால் கடும் வெயில் நாளில் காலையில் சரியாக இருந்த மரம் மாலைக்குள் காய்ந்துவிடலாம். அதனால் தினம் இரண்டு முறை போய்ப் பாருங்கள். இலை மொறுமொறுவென்று ஆகிவிட்டால் எல்லை தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். கக்கங்களில் பொடி மொட்டு தெரிந்ததும் காயப்போடுவதை நிறுத்திச் சீராகத் தண்ணீர் கொடுங்கள். அப்போதும் காயவிட்டால் மொட்டு உதிரும். மரம் நலிந்திருந்தாலோ, இலை மஞ்சளாக உதிர்ந்துகொண்டிருந்தாலோ இந்த முறையைச் செய்யவே வேண்டாம்.

வாராவாரம் வெட்டுவதையும் விட்டுவிடுங்கள். பூ வருவது புதுக் கிளையில்தான். நீங்கள் நறுக்கிப் போட்ட நுனிகளோடு பூவும் போயிருக்கும். வெயிலுக்குப் பழகியதும், காயப்போடுவதற்கு முன்பே, ஒரே ஒரு கவாத்து செய்யுங்கள். ஓடிய கிளைகளை இரண்டு மூன்று கணு விட்டு வெட்டி, அப்புறம் பூத்து முடியும்வரை கத்தரியைத் தொடாதீர்கள். கொஞ்ச நாள் வடிவம் கலைந்து தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். தடித்த கிளையை வெட்டினால் வெட்டுவாயில் காயத்தை மூடும் பசை பூசுங்கள். இதன் மரம் மென்மையானது, ஈரம் இறங்கினால் உள்ளே அழுகிப் போகும். கிளையை வளைத்து வடிவம் கொடுக்கக் கம்பி கட்டுவதாக இருந்தால் இளங்கிளையில் மட்டும் கட்டுங்கள், முற்றிய கிளை பட்டென்று ஒடியும்.

பூமத்திய ரேகையை விட்டு விலகிய ஊர்களில் பகல் குறுகும் மாதங்களில்தான் இது நன்றாகப் பூக்கும். நீண்ட பகல் காலத்தில் பலன் தாமதமானால் பதற வேண்டாம்.

கடைசியாக மண் மாற்றுவது. ஊற்றிய தண்ணீர் சீக்கிரம் வடிகிறதென்றால் இப்போதைக்குத் தேவையில்லை. மேலேயே தேங்கி நின்றால், பூ முடிந்து புதுத் துளிர் கிளம்பும் பருவத்தில் மாற்றுங்கள். காகிதப்பூவின் வேர் நூல்போல மெல்லியது, இழுத்தால் அறுந்துவிடும். நான் ஒருமுறை பழைய மண்ணை முழுக்கக் கழுவிவிட்டு நட்டேன். இரண்டு பெரிய கிளைகள் காய்ந்தே போயின. மூன்றில் ஒரு பங்கு வேருக்கு மேல் குறைக்காமல், தாய் மண்ணோடு எடுத்து வைத்து, புது வேர் பிடிக்கும்வரை இரண்டு வாரம் அரை நிழலில் வையுங்கள்.